ஜிரார் சுவாமியாரும் எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடமும்



சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்துக்குப் பெஸ்ரலோசி என்ற பெயர் புதிதல்ல. இங்கே தெருவுக்கும் அந்தப் பெயர், பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெயர். ஊரில் ஆசிரியர் கலாசாலைக்குப் போனவர்களும் கல்வியியல் பாடத்தில் அவரைப் படித்திருப்பார்கள். ஆனால் அதே காலத்தில், இதே நாட்டில், அந்தப் பெஸ்ரலோசியின் பள்ளிக்கூடத்தையே போய்ப் பார்வையிட்டு அறிக்கை எழுதிய ஒரு கத்தோலிக்கக் குருவானவர் இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய பள்ளிக்கூடத்தைக் கட்டி வளர்த்தார். அதன் கற்பித்தல் முறையை அரசு தடை செய்தது. ஊரை விட்டு வெளியேறி இன்னொரு நகரத்திலே தத்துவப் பேராசிரியர் ஆனார். வயது போன காலத்தில் தாய்மொழிக் கல்வி பற்றி ஒரு நூல் எழுதி பிரெஞ்சு அக்கடமியின் பரிசைப் பெற்றார். அவர்தான் கிறெகுவார் ஜிரார் சுவாமியார்.

இந்தப் புத்தாண்டு மலரிலே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தாய்மொழி பற்றி அவர் சொன்னது இங்கே பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் தேவையானது. மற்றது, அவர் தமது பள்ளிக்கூடத்தில் கையாண்ட முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் பக்கத்திலே இருந்துதான் வந்தது! அந்தக் கதையைக் கீழே சொல்லுகிறேன்.

நான் சரித்திர ஆசிரியன் அல்ல. உயர்தரம் வரை படித்தவன். அதோடு படிப்பு நின்றது. நாட்டை விட்டு வந்து இன்று தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறேன். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்வது போலத்தான் இதை எழுதுகிறேன். அப்படியே வாசியுங்கள்.

தாயிடம் படித்த பிள்ளை

ஜிரார் 1765ஆம் ஆண்டு மார்கழி மாதம் 17ஆம் திகதி பிரிபோர்க் நகரத்திலே பிறந்தார். பெற்றார் வைத்த பெயர் ஜோன் பப்ரிஸ்ற். கிறெகுவார் என்பது துறவியான பிறகு வந்த பெயர். பிரிபோர்க் அன்றும் இன்றும் இரண்டு மொழி பேசும் ஊர். பிரெஞ்சும் டொச்சும் ஒரே தெருவிலே கேட்கும். அவருடைய வீடு பெரிய குடும்பம், பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். தாய் ஒருத்தி இத்தனை பேரையும் எப்படிப் பார்ப்பது? மூத்ததுகள் இளையதுகளைப் பார்த்தன. தாய் மூத்ததுக்குச் சொல்லிக் கொடுப்பா, மூத்தது அடுத்ததுக்குச் சொல்லிக் கொடுக்கும். ஜிராரும் சின்ன வயதிலேயே தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தாய்க்கு உதவியவர். எங்கள் ஊரிலே இது புதினமா? எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் செய்தது இதைத்தானே. வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பிள்ளை அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் பேர் பெற்ற கல்விமானாக வந்த பிறகும், கற்பிப்பதற்கு முதல் முன்மாதிரி தாய்தான் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை.

இளம் வயதிலேயே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யேர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரத்தில் படித்துக் குருவானவர் ஆனார். அங்கே படித்த காலத்திலேயே மடத்துப் பள்ளிகளில் கற்பித்தும் இருக்கிறார். யேர்மன் தத்துவஞானி கான்ற் என்பவருடைய சிந்தனைகள் அவருக்குள்ளே ஊறின. மனிதன் தன் சொந்தப் புத்தியால் யோசிக்கப் பழக வேண்டும் என்பது கான்றின் அடிப்படை. ஒரு கத்தோலிக்கத் துறவி புரட்டஸ்தாந்து நாட்டுத் தத்துவஞானியைப் படிப்பது அந்த நாளில் எல்லாருக்கும் பிடித்த விசயம் அல்ல. இவர் படித்தார். குருத்துவத்தையும் விடவில்லை, யோசிப்பதையும் விடவில்லை.

1798: எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம்

1798இல் பிரான்சின் படைகள் சுவிஸ் நாட்டுக்குள் வந்தன. பழைய ஆட்சி விழுந்தது. எல்வெற்றியக் குடியரசு என்ற பெயரில் ஒரு புதிய அரசு ஏற்பட்டது. அது ஐந்து வருடம்தான் நிலைத்தது. ஆனால் அந்தக் குறுகிய காலத்திலே கல்விக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் ஸ்ராப்பர், நாடு முழுவதற்குமான கல்வித் திட்டம் ஒன்றை யோசித்தார். 1799இல் ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கேள்விகள் அனுப்பி விபரம் திரட்டினார். கிட்டத்தட்ட 2,400 பள்ளிக்கூடங்களின் பதில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் அன்றைய சுவிஸ் எப்படி இருந்தது என்று விளங்கும். கனக்க இடங்களில் பனிக்காலத்தில் மட்டும் பள்ளிக்கூடம். கோடையில் பிள்ளைகள் தோட்டத்திலும் மாட்டோடும் நின்றார்கள். படிப்பிக்கிறவருக்குச் சம்பளம் போதாது. நெசவோ கமமோ இன்னொரு தொழிலும் செய்துதான் சீவித்தார்.

இன்றைக்கு நாங்கள் பார்க்கிற சுவிஸ், மணிக்கூடு மாதிரி ஓடுகிற சுவிஸ், அன்று இப்படித்தான் இருந்தது. இதை நான் குறை சொல்ல எழுதவில்லை. படித்த நாடு என்று ஒன்று வானத்தில் இருந்து விழுவதில்லை, யாரோ பாடுபட்டுத்தான் உண்டாகிறது என்பதற்காகச் சொல்லுகிறேன்.

இந்த நேரத்தில்தான், 1798இல், 32 வயதுத் துறவியான ஜிரார் ஒரு தேசியக் கல்வித் திட்டத்தை எழுதி ஸ்ராப்பரிடம் கொடுத்தார். பணக்காரன், ஏழை என்ற பேதம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கல்வி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஸ்ராப்பர் அவரைத் தமது அமைச்சுக்கு எடுத்துக்கொண்டார். அரசு பேர்ணுக்கு இடம் மாறியபோது இவரும் பேர்ணுக்குப் போனார். அங்கே கத்தோலிக்கருக்குக் குருவாகவும் இருந்தார். பேர்ண் 1528இல் புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறிய நகரம். அதற்குப் பிறகு அங்கே கடமை செய்த முதல் கத்தோலிக்கக் குரு இவர்தான். மாற்று மதத்தவருடைய நகரத்தில் அவர்களுடைய மதிப்பையும் பெற்று அவர் வாழ்ந்தார்.

பிரிபோர்க் பள்ளிக்கூடமும் பெஸ்ரலோசியும்

1804இல் பிரிபோர்க் நகரம் அவரைத் திருப்பி அழைத்து நகரத்துப் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தது. 1823 வரை அதற்குத் தலைமை தாங்கினார். வந்து சேர்ந்த பிள்ளைகளின் தொகை சில வருடங்களிலேயே பல மடங்கு பெருகியது.

1809இல் சுவிஸ் மாநிலங்களின் பொதுச்சபை, இவர்டோன் நகரத்தில் பெஸ்ரலோசி நடத்திய கல்விக்கூடத்தைப் பார்வையிட மூன்று பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவர் ஜிரார். அறிக்கையை எழுதியவரும் அவரே. பெஸ்ரலோசியின் அன்பையும் உழைப்பையும் அந்த அறிக்கை மதித்தது. ஆனால் அந்தக் கல்விக்கூடம் நாட்டின் சாதாரணப் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரியாக அமையாது என்றும் சொன்னது. பெஸ்ரலோசிக்கு இது பெரிய மனவருத்தம்.

இருவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஜிரார் தாமே சொல்லி வைத்தது. இங்கே கணக்குக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் கொடுக்கிறீர்கள் என்று ஜிரார் சொன்னாராம். இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல நிரூபிக்க முடியாத எதையும் என் பிள்ளைகள் நம்பக்கூடாது, அதனால்தான் என்று பெஸ்ரலோசி பதில் சொன்னாராம். அப்படியானால் எனக்கு முப்பது மகன்மார் இருந்தாலும் ஒருவனையும் உங்களிடம் விடமாட்டேன், நான்தான் அவனுடைய தகப்பன், என் சொல்லை அவன் கேட்க வேண்டும் என்பதை உங்களால் கணக்குப்போல நிரூபிக்க முடியாதே என்றாராம் ஜிரார்!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கணக்கும் விஞ்ஞானமும் மட்டும் காணும், பிள்ளை டொக்டராக வந்தால் சரி என்று நினைக்கிற எங்கள் சமூகத்துக்கு அந்தப் பதிலில் ஒரு செய்தி இருக்கிறது.

எழும்பூர் மணலில் இருந்து

இனி நான் முதலில் சொன்ன கதைக்கு வருகிறேன்.

ஜிராருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. பிள்ளைகள் கனபேர், ஆசிரியர்கள் கொஞ்சப்பேர், காசும் இல்லை. அந்த நேரத்தில் இங்கிலாந்தில் இருந்து பரவிக்கொண்டிருந்த ஒரு புதிய முறையைப் பற்றி அறிந்தார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுக்கு ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார், அந்தப் பிள்ளை ஒரு சிறு குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கும். ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம். ஒருவருக்கொருவர் கற்பித்தல் என்று இதைச் சொன்னார்கள். ஆங்கிலேயர் இதற்கு வைத்த இன்னொரு பெயர் என்ன? மட்ராஸ் முறை!

அன்ரூ பெல் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அங்கிலிக்கன் பாதிரியார். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பானார். அங்கே இருந்தவர்கள் வெள்ளைக்காரப் படைவீரர்களின் பிள்ளைகள். பெரும்பாலும் தாய்மார் இந்தியப் பெண்கள். படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. ஒருநாள் காலை அவர் குதிரையில் போகும்போது, நாட்டுப் பிள்ளைகள் நிலத்திலே இருந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதை மலபார்ப் பள்ளிக்கூடம் என்று அவர் சொன்னார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றுதான் எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெல் ஓடி வந்து தமது ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். மணலில் எழுதுவதாவது! உடனே பெல் எட்டு வயதுப் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாததை அந்தப் பொடியன் செய்து காட்டினான். அதிலிருந்து பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை இல்லம் முழுவதும் கொண்டுவந்தார். 1797இல் இலண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அடுத்த வருடம் இலண்டனில் ஜோசப் லங்காஸ்ரர் என்பவரும் இதையொத்த முறையில் ஏழைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கிருந்து பிரான்ஸ், சுவிஸ் என்று ஐரோப்பா எங்கும் பரவியது. பெல் பிறந்த சென் அன்ரூஸ் நகரத்திலே, அவருடைய பணத்தில் கட்டி 1833இல் திறந்த பள்ளிக்கூடம் மட்ராஸ் கல்லூரி என்ற பெயரோடு இன்றும் நடக்கிறது.

எங்கள் பெரியவர்களுக்கு இது விளங்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தது சட்டாம்பிள்ளை. அவன் சொல்லக் கேட்டு மற்றவர்கள் சொல்லுவார்கள். முதலில் மணல், பிறகுதான் ஏடும் எழுத்தாணியும். இன்றைக்கும் விஜயதசமி அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோமே, அது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்தத் திண்ணையிலே எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் கனபேர். பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. எங்கள் முறை உலகம் சுற்றியது என்று பெருமைப்படும்போது, அதே முறை எங்கள் ஊரில் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கூலிக்காரனுக்கு ஏன் படிப்பு?

பெல்லின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. தொழிலாளி என்ற முறையில் எனக்கு இது முக்கியம். ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும், எழுத்தும் கணக்கும் எல்லாருக்கும் படிப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை, அளவுக்கு மேல் படித்தால் கூலிவேலைக்குப் பிறந்தவர்கள் தங்கள் நிலையில் திருப்தி இல்லாமல் போய்விடுவார்கள் என்ற கருத்தை அவர் எழுதியிருக்கிறார். அதாவது முறை எங்களுடையது, ஆனால் அதைக் கொண்டுபோன மனிதரோ ஏழைக்கு அளந்துதான் அறிவு கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். இங்கிலாந்தின் அந்தப் பள்ளிக்கூடங்கள் பலவும் படைமுகாம் மாதிரி நடந்தன. விசில், கட்டளை, மனப்பாடம். மலிவாகக் கனபேருக்கு எழுத்தறிவித்தது உண்மை. ஆனால் யோசிக்கப் பழக்கியது குறைவு.

ஜிரார் 1816 அளவில் இந்த முறையைப் பிரிபோர்க்கில் கொண்டுவந்தபோது அதை அப்படியே எடுக்கவில்லை. இங்கேதான் அவருடைய பெருமை இருக்கிறது. கற்பிக்கப் போகும் பிள்ளைகளை முதலில் தாமே பழக்கினார். சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிற வேலையாக அதை விடாமல், ஆசிரியர் நேரடியாகக் கற்பிக்கும் நேரத்தையும் பிள்ளைகள் கற்பிக்கும் நேரத்தையும் கலந்து நடத்தினார். எழுத்து, வாசிப்பு, கணக்கு எல்லாவற்றையும் விடப் பிள்ளை யோசிக்கிறதா, நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கிறதா என்பதையே பெரிதாக நினைத்தார். சொல் யோசனைக்காக, யோசனை மனதுக்காகவும் வாழ்க்கைக்காகவும் என்பது அவருடைய கொள்கையின் சாரம். 1821இல் நாட்டுப்புறப் பள்ளிக்கூடங்களுக்கென்றே ஓர் இலக்கண நூலும் எழுதினார். தோட்டக்காரனுடைய பிள்ளைக்கும் இலக்கணம் வேண்டும் என்று நினைத்த மனிதர்!

நான் வேலை செய்யும் இடத்திலே புதிதாக ஒருவன் வந்தால் மெசினை யார் காட்டிக் கொடுக்கிறார்? மேலாளர் வந்து பத்து நிமிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மற்றதெல்லாம் பக்கத்து மெசினில் நிற்பவன் காட்டுவதுதான். எனக்குக் காட்டியவர் ஒரு கொசோவோக்காரர். அவருக்கு வந்த டொச்சும் எனக்கு வந்த டொச்சும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் எந்தச் சத்தம் வந்தால் மெசினை நிற்பாட்ட வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் அவரும் இரண்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் தடுமாறியவர். ஒரு படி மேலே நிற்பவன் கீழே நிற்பவனுக்குக் கை கொடுப்பது சுலபம். பத்துப் படி மேலே நிற்பவன் குனியக் கஷ்டப்படுவான். ஜிராரின் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

1823: தடை

நன்றாக நடக்கும் ஒன்றுக்கு எதிரிகள் வராமல் இருப்பார்களா? நெப்போலியன் விழுந்த பிறகு ஐரோப்பா எங்கும் பழைய ஆட்சிகள் திரும்பி வந்தன. பிரிபோர்க்கிலும் பழைய குடும்பங்கள் அதிகாரத்துக்கு வந்தன. 1818இல் யேசு சபைக் குருமார் பிரிபோர்க்குக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை பணிவைக் கெடுக்கும், சமயத்துக்கு ஆபத்து என்ற கதை எழும்பியது. சின்னப் பிள்ளைகள் கற்பிக்கத் தொடங்கினால் பெரியவர்களின் அதிகாரம் என்னாவது? ஏழைப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் ஊர் என்னாவது? முதலில் ஜிராரை ஆதரித்த ஆயரே பிறகு எதிர்த்தார். 1823இல் மாநிலத்தின் பெரிய சபை அந்த முறையைத் தடை செய்தது.

ஏறக்குறைய இருபது வருட உழைப்பு ஒரு வாக்கெடுப்பில் போய்விட்டது. எதிர்த்தவர்களில் தலைமையானவர் தமது சொந்தத் திருச்சபையின் ஆயர். ஜிரார் என்ன செய்திருக்கலாம்? சபையை விட்டு வெளியேறியிருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படிச் செய்த குருமார் இருந்தார்கள். அல்லது வாயை மூடிக்கொண்டு மடத்துக்குள் இருந்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பிரிபோர்க்கை விட்டு லுசேர்ணில் இருந்த தமது சபையின் மடத்துக்குப் போனார்.

பள்ளிக்கூடம் எரிந்ததையும் நூலகம் எரிந்ததையும் கண்ட சமூகம் நாங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நெருப்பு வைத்தபோது எனது வயதுக்காரர் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். பிரிபோர்க்கில் யாரும் நெருப்பு வைக்கவில்லை, சட்டம் போட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் படிப்பை நிற்பாட்ட நினைப்பவர்களின் பயம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

பேராசிரியர் ஜிரார்

லுசேர்ணில் 1827 முதல் 1834 வரை அவர் தத்துவப் பேராசிரியராகக் கடமையாற்றினார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பிரெஞ்சில் பள்ளிக்கூடம் நடத்தியவர், இப்போது டொச் பேசும் நகரத்திலே மாணவர்களுக்குத் தத்துவம் படிப்பிக்கிறார். ஊரிலே அதிபராக இருந்தவர்கள் இங்கே வந்து வேறு மொழியில் வேறு வேலை தொடங்கியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அவருடைய நிலைமை எங்களுடையதைப் போலக் கடினமல்ல. இளமையில் படித்த டொச் அவருக்குக் கைகொடுத்தது. என்றாலும் புதிதாகத் தொடங்குவதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும்.

ஆனால் பேராசிரியர் பட்டம் கிடைத்ததும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை அவர் மறந்துவிடவில்லை. 1834இல் ஓய்வு பெற்றுப் பிரிபோர்க்கில் தமது பழைய மடத்துக்குத் திரும்பினார். அங்கே இருந்து, பள்ளிக்கூடத்தில் கண்டறிந்ததை எல்லாம் எழுதத் தொடங்கினார். 1844இல் அவருடைய முக்கியமான நூல் வெளிவந்தது. பள்ளிக்கூடங்களிலும் குடும்பங்களிலும் தாய்மொழியை ஒழுங்காகக் கற்பித்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். பிரெஞ்சு அக்கடமி அதற்கு மொந்தியோன் பரிசைக் கொடுத்தது. அப்போது அவருக்கு 78 வயது.

அந்தத் தலைப்பிலே குடும்பம் என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். தாய் பிள்ளைக்குப் பேச்சை எப்படிப் படிப்பிக்கிறாள்? இலக்கண விதியைச் சொல்லிக் கொடுத்தா? இல்லையே. பொருளைக் காட்டிப் பெயர் சொல்லுகிறாள். பெயரோடு சேர்த்து இது சுடும், இது நல்லது, இது பிழை என்றும் சொல்லுகிறாள். மொழியோடு சேர்ந்து யோசனையும் நல்லொழுக்கமும் பிள்ளைக்குள் போகின்றன. பள்ளிக்கூடம் இந்த வழியைத் தொடர வேண்டும் என்றார் ஜிரார். அந்தக் காலத்தில் பெரிய படிப்பு என்றால் இலத்தீன். மொழிப்பாடம் என்றால் விதிகளைப் பாடமாக்குவது. ஜிராரோ பிள்ளைக்குத் தெரிந்த வீடு, பெற்றார், சகோதரம், ஊர், வேலை இவற்றில் இருந்து தொடங்கினார். பிள்ளை தானே வசனம் அமைக்க வேண்டும், அந்த வசனத்தில் இருந்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அவருக்குத் தாய்மொழி வெறும் ஒரு பாடம் அல்ல. மற்ற எல்லாப் பாடங்களுக்கும் வாசல் அதுதான்.

1847 கார்த்திகை மாதத்தில் இந்த நாட்டிலே ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. எங்களில் கனபேருக்கு இது தெரியாது. கத்தோலிக்க மாநிலங்களின் கூட்டணிக்கும் மற்ற மாநிலங்களுக்கும் இடையில் நடந்தது. ஒரு மாதத்துக்குள் முடிந்தது, இறந்தவர்கள் நூறு பேரளவில். பிரிபோர்க் சரணடைந்தது. யேசு சபையினர் வெளியேற்றப்பட்டார்கள். தம்மை எதிர்த்தவர்கள் விழுந்ததையும் கண்ட ஜிரார் 1850 பங்குனி 6ஆம் திகதி தமது 84ஆவது வயதில் காலமானார். 1860இல் பிரிபோர்க் நகரத்திலே அவருக்குச் சிலை வைத்தார்கள். 1874ஆம் ஆண்டுச் சுவிஸ் அரசியல் சட்டம், ஆரம்பக் கல்வி கட்டாயமானது, அரசுப் பள்ளிக்கூடத்தில் இலவசமானது என்று எழுதியது. 1798இல் ஓர் இளம் துறவி எழுதிக் கொடுத்த எண்ணம் சட்டமாக வர 76 வருடம் எடுத்தது!

எங்களுக்கு என்ன?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலே ஆசிரியர் தட்டுப்பாடு என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருடமாகச் சம்பளம் பாராமல் படிப்பித்த அக்காமார், ஐயாமார் களைத்துப் போனார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்து முடித்த 17 வயதுப் பிள்ளை ஒன்று சென்ற வருடம் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்க முன்வந்தது. "உந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் எண்டு எங்கட பிள்ளையளை விடுறது?" என்று சில பெற்றார் முணுமுணுத்தார்கள். "உயர்தரத்தோட வந்தவை எல்லாம் வாத்தியாரோ?" என்ற கதையும் எங்கள் மண்டபத்தில் கேட்டதுதான்.

அந்தப் பெற்றாருக்கு நான் கோபத்தோடு பதில் சொல்லவில்லை. தங்கள் பிள்ளைக்கு நல்லது கிடைக்க வேண்டும் என்ற பயம் அது. ஆனால் எழும்பூரிலே ஓர் எட்டு வயதுப் பொடியன் செய்து காட்டியதை நினைத்துப் பாருங்கள். இங்கே பிறந்து, இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டிலே தமிழும் வெளியிலே டொச்சும் பேசுகிற அந்தப் பிள்ளைக்கு, 'ழ'வும் 'ள'வும் ஏன் சின்னதுகளுக்குக் குழம்புகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். அது தானே குழம்பித் தெளிந்த பிள்ளை அல்லவா?

அதேநேரம் ஜிரார் செய்த இரண்டாவது வேலையை நாங்கள் விட்டுவிடக் கூடாது. பிள்ளையைச் சும்மா வகுப்புக்குள் தள்ளிவிட்டால் அது விசிலும் கட்டளையுமாகத்தான் முடியும். வகுப்புத் தொடங்க முன் அரை மணித்தியாலம் மூத்த ஆசிரியர் ஒருவர் இளையவர்களோடு இருந்து அன்றைய பாடத்தைக் கதைக்க வேண்டும். வகுப்பு நேரத்திலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இதற்குப் பட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். நேரம்தான் வேண்டும். இரவு வேலை முடித்து வருகிற எங்களுக்கு நேரம்தான் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை என்றாலும் முறை வைத்துச் செய்யலாம்.

"டொச் படிக்கவே பிள்ளைக்கு நேரமில்லை, தமிழ் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு மொழியில் நன்றாக யோசிக்கப் பழகிய பிள்ளை மற்ற மொழியிலும் யோசிக்கும் என்பதை இன்று சுவிஸ் கல்வித் திணைக்களங்களே ஏற்றுக்கொள்கின்றன. பல மாநிலங்களில் தாய்மொழி வகுப்பின் புள்ளியைப் பள்ளிக்கூட அறிக்கையிலும் பதிகிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் புள்ளிக்காக மட்டும் தமிழ் படிப்பிக்க வேண்டாம். ஜிரார் சொன்னது போல, மொழியோடு சேர்த்துத்தான் தாயின் மனதும் பிள்ளைக்குள்ளே போகிறது. இரவு வேலைக்குப் போகும் தகப்பன் தன் பிள்ளையோடு அரைகுறை டொச்சில் பேசினால், வேலைக்குப் போ, சாப்பிடு, படு என்ற அளவில்தான் பேச்சு நிற்கும். அவன் பட்ட துன்பத்தையும் விட்டுவந்த ஊரையும், சரி பிழையையும் எந்த மொழியில் சொல்லப் போகிறான்?

வருகிற வைகாசியில் புதிய வகுப்புகளுக்கான பதிவு நடக்கும். பெற்றார் பிள்ளைகளைப் பதியுங்கள். தமிழ் வாசிக்க எழுதத் தெரிந்த பெரியவர்களும், பத்தாம் வகுப்பு முடித்த இளையவர்களும் தங்கள் பெயரைப் பள்ளிக்கூட நிர்வாகத்திடம் கொடுங்கள். நானும் எனது பெயரைக் கொடுத்திருக்கிறேன், மூன்றாம் வகுப்புக்கு.